பாதி நுழைந்த திறப்பு

சரஸ்வதி பூசையான வாணி விழா முடிந்த மறுநாள் காலையில் என் பூட்டு வேலைக் கடை திறக்க எனக்கு எப்போதும் பயம்தான். முதல்நாள் வாகனம் வைத்திருக்கிற எல்லாரும் அதைக் கழுவி, மாலை போட்டு, கோயிலுக்குக் கொண்டுபோயிருப்பார்கள். பூசை செய்கிற ஐயா திறப்பை, அதாவது சாவியை, தட்டில் வாங்கிச் சந்தனமும் குங்குமமும் வைத்துத் திருப்பிக் கொடுப்பார். பக்தி கூடியவர் அதைத் துடைக்கமாட்டார். அப்படியே கொண்டுபோய் ஸ்டியரிங் பக்கத்துப் பூட்டுக்குள் செருகுவார். பக்தி இன்னும் கூடியவர் பூட்டின் வாய்க்கும் ஒரு பொட்டு வைப்பார். வாகனம் வெயிலில் நிற்கும்போது உள்ளே போன சந்தனம் சீமெந்து மாதிரி இறுகிவிடும். மறுநாள் வேலைக்குப் போகிற அவசரத்தில் பலங்கொண்ட மட்டும் திருகுவார்கள். திறப்பின் தலை கையோடு வரும், மற்றத் துண்டு பூட்டுக்குள் நிற்கும். பிறகு என் போன் அடிக்கும்.

தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பிமாரே, துண்டை எந்தக் கம்பியால் எடுப்பது, எந்தக் கொக்கியால் இழுப்பது என்று நான் சொல்லப்போவதில்லை. அதெல்லாம் உங்கள் போனிலேயே ஓடுகிறது. போனில் பார்த்துவிட்டுக் கல்குடாவில் ஒருவர் முறிந்த துண்டைச் சுப்பர் குளூ போட்டு ஒட்டி இழுக்கப் பார்த்தார். துண்டும் பூட்டும் ஒன்றாகிப்போய், கடைசியில் முழுப் பூட்டையும் வெட்டித்தான் எடுத்தேன். "கொஞ்சம் ஒட்டிப்போச்சு" என்று அவர் சொன்ன அந்தக் 'கொஞ்சம்' இன்னும் என் காதில் நிற்கிறது. கருவியைப் பற்றி அவ்வளவுதான். மிச்சத்தைக் கேளுங்கள்.

நான் பயந்த சுபாவம். தொடைநடுங்கி என்று வீட்டில் பகிரங்கமாகவே சொல்வார்கள். பிறத்தியார் வாகனத்தில் கை வைத்தால் எனக்கு உள்ளங்கை வேர்க்கும். இதற்குள் வேறு என்ன உடையும், யாருடைய பிழைப்பு கெடும், இவர் உண்மையில் உரிமைக்காரர்தானா, இப்படி நூறு யோசனை ஓடும். வெட்கமாகக்கூட இருந்திருக்கிறது. ஆனால் கடையை மருமகனிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிற இந்தக் காலத்தில் யோசித்துப் பார்த்தால், பயம் என்னைக் கெடுத்ததை விடக் காப்பாற்றியதுதான் அதிகம். அதற்கு ஒரு காலை நடந்ததைச் சொல்கிறேன்.

அன்றும் வாணி விழாவுக்கு மறுநாள். களுதாவளையில் என் கடைக் கதவைப் பாதி தூக்கியிருக்கிறேன், போன் அடித்தது. குருக்கள்மடத்தில் பள்ளிக்கூட வான் ஓட்டுகிறவர். பெயர் வேண்டாம், வான்காரர் என்றே வைத்துக்கொள்வோம். திறப்பு முறிந்துவிட்டதாம், பிள்ளைகளுக்குத் தவணைப் பரீட்சையாம், ரோட்டில் காத்துக்கொண்டு நிற்கிறார்களாம், பறந்து வரட்டாம். நான் மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.

அவரை எனக்கு நன்றாகத் தெரியும். பல வருடமாக அந்த ஊர்ப் பிள்ளைகளைத் தூரத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்குகிறவர். அவருடைய வான் ஹோர்ன் கேட்டுத்தான் அந்த ஒழுங்கையில் தாய்மார் சோற்றுப் பெட்டியை மூடுவார்கள். ஒரு நாளும் பிந்தியவர் இல்லை. கொஞ்சக் காலமாகச் சீனி வருத்தம், நீரிழிவு என்று என் கடைக்கு வந்தால் வெறும் தேத்தண்ணி மட்டும் குடிப்பார். அதையும் யாருக்கும் சொல்ல வேண்டாம் என்பார்.

நான் போய்ச் சேர்ந்தபோது வான் முற்றத்தில், முகத்தில் வாடிய மாலையோடு நின்றது. வான்காரர் போனைக் காதில் வைத்தபடி அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தார். அவர் மனைவி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வழமையாக என்னைக் கண்டால் "வாங்க அண்ணன்" என்று முன்னுக்கு வருகிற, எனக்குத் தங்கச்சி மாதிரியான அந்தப் பிள்ளை அன்றைக்கு அசையவில்லை. விடியற்காலையில் வானின் கண்ணாடியை ஏற்றிவிடலாம் என்று அவதான் திறப்பைப் போட்டுத் திருகினாவாம், முறிந்துவிட்டதாம். வான்காரர் சொல்லிவிட்டு, "சந்தனம் இறுகிற்றுப்போல அண்ணன்" என்று காரணத்தையும் அவரே சேர்த்துக்கொண்டார். நானும் தலையாட்டினேன். அந்த நாளில் வேறு என்ன காரணம் இருக்கப்போகிறது?

சாரதி ஆசனத்தில் ஏறி டோர்ச்சை அடித்துப் பார்த்தேன். பூட்டின் வாயில் சந்தனம் இல்லை. யாரோ துணியால் அழகாகத் துடைத்திருந்தார்கள். அது போகட்டும் என்று பார்த்தால், முறிந்த துண்டு உள்ளே முழுக்கப் போகவில்லை. பாதி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

இதை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். திறப்பு முழுக்க உள்ளே போனால்தான் பூட்டு திரும்பும். பாதி நுழைந்த திறப்பை யாராலும் திருக முடியாது. திருகாத திறப்பு தானாக முறிவதும் இல்லை. முறிந்த தலையை வான்காரர் என் கையில் தந்தார். அதன் கழுத்தில் குறட்டின் பல் பதிந்திருந்தது. பாதி செருகி, குறட்டால் பிடித்து, பக்கவாட்டில் மடக்கி மடக்கி முறித்திருக்கிறார்கள்.

வெளியே நீட்டிக்கொண்டு நின்ற துண்டை எடுக்க ஒரு சாமணம் போதும், கண் மூடித் திறக்கிற நேரம் போதும். நான் எடுக்கவில்லை. கருவிப் பையைத் திறந்து அதற்குள் எதையோ தேடுகிறவன் மாதிரி இருந்தேன். பக்கத்தில் போன் விடாமல் அடித்தது, வான்காரர் ஒவ்வொரு தாய்க்கும் "இந்தா வாறன், இந்தா வாறன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளை இப்படிச் செய்யும் என்று நினைக்க மனம் வராமல் எனக்குக் கள்ளன் யோசனை வந்தது, பகைகாரன் யோசனை வந்தது. வீட்டில் மற்றத் திறப்பு இல்லையா என்று கேட்டேன். அலுமாரியில்தான் எப்போதும் தொங்குமாம், இன்றைக்குப் பார்த்துக் காணவில்லையாம். வாசலில் நின்ற அவர் மனைவி தலை குனிந்தா. முறித்த கை எது என்று எனக்கு அப்போது விளங்கிற்று.

ஏன் முறித்தா என்றுதான் விளங்கவில்லை. அது தெரியாமல் அந்தத் துண்டை எடுக்க எனக்குப் பயமாக இருந்தது. மண்ணெண்ணெய் கொஞ்சம் வேண்டும், வாங்கிக்கொண்டு வாருங்கள் என்று வான்காரரைச் சந்திக் கடைக்கு அனுப்பினேன். எதற்கு மண்ணெண்ணெய் என்று கேட்காமலே அந்த மனிதன் ஓடினார். அவருடைய அவசரம் அப்படி.

அவர் வெளிப் படலையைத் தாண்டியதும் அந்தப் பிள்ளை வானடிக்கு வந்தா. நான் மெல்லச் சொன்னேன்.

"தங்கச்சி, இது திருகி முறிஞ்ச திறப்பில்ல."

"தெரியும் அண்ணன். நான்தான் முறிச்ச."

அவ சொன்ன கதை இது: பூசைக்கு முதல் பள்ளிக்கூடம் நடந்த கடைசி நாள், சாமான் வாங்க என்று அவவும் வானில் போயிருக்கிறா. பிள்ளைகளை இறக்கிவிட்டு வெறும் வானாக வாவிக்கரை ரோட்டால் திரும்பி வருகிறார்கள். இவ ஏதோ கேட்கிறா, பதில் இல்லை. பார்த்தால் வான்காரருக்குக் கண் திறந்தபடி இருக்கிறது, ஆள் இல்லை. வான் ரோட்டை விட்டுச் சரிந்து வாவிப் பக்கம் இறங்குகிறது. இவ எட்டி ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்து, கைப் பிரேக்கையும் இழுத்து, ஒரு மாதிரி நிற்பாட்டியிருக்கிறா. சீனி இறங்கிவிட்டதாக்கும் என்று கையில் இருந்த இனிப்பு ஏதோ வாயில் திணித்த பிறகுதான் மனிதனுக்குச் சுயநினைவு வந்திருக்கிறது. வந்ததும் அவர் சொன்னது, நாய் ஒன்று குறுக்கே பாய்ந்தது, அதற்கு ஸ்டியரிங்கை வெட்டினேன் என்று. அதையே பிடித்துக்கொண்டார். வைத்தியரிடம் போகச் சொன்னால், 'வான் ஓடக் கூடாது' என்று எழுதிக் கொடுத்தால் யார் என் வானில் பிள்ளை ஏற்றுவார்கள் என்று சண்டை. ஊரில் யாருக்கும் மூச்சு விடக் கூடாது என்று அவவிடம் சத்தியமும் வாங்கிவிட்டார். இடையில் பூசை லீவு வந்ததால் வான் நின்றது. இன்றைக்குத்தான் மறுபடி ஓட்டம்.

"காலத்தால சாப்பிடாம சீனிக் குளிசையப் போட்டுட்டு ஓடுறார் அண்ணன். சொன்னாக் கேக்கிறாரில்ல. வான் நிறையப் பிள்ளையள்." கொஞ்சம் நிறுத்தி என் முகத்தைப் பார்த்துக் கேட்டா: "நீங்க இதக் கழட்டிக் குடுத்தா நாளைக்கு நான் வேற என்னத்த முறிக்கிற?"

துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனால் என் வேலை முடிந்தது, ஆனால் பிள்ளைகளோடு அந்த வான் போகும். பூட்டு பழுது, என்னால் முடியாது என்று பொய் சொல்லலாம். அவர் செங்கலடியில் இருந்து இன்னொருவனைக் கூப்பிடுவார், அவன் வந்து உடனே எடுத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பான். உங்கள் மனைவிதான் முறித்தா என்று அவரிடம் சொன்னால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. சொல்லாவிட்டால் ரோட்டில் என்ன நடக்கும் என்று தெரியும். படலைச் சத்தம் கேட்டது. மண்ணெண்ணெய்ப் போத்தலோடு மனிதன் ஓடி வருகிறார்.

தம்பிமாரே, தடுமாறுகிற நேரத்தில் பெரிய யோசனை எதுவும் வராது. தொழிலில் பழகிய சின்ன வழக்கம்தான் கைகொடுக்கும். எங்கள் வழக்கம், பூட்டில் கை வைக்க முதல் வாகனம் யார் பெயரில் என்று கேட்பது. தெரிந்தவர் என்பதால் இவரிடம் நான் அதை ஒருநாளும் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன்.

"என்ன அண்ணன், பகிடியா விடுறீங்க? என்ட வான்தான்."

"பேர் ஆரிட தம்பி?"

"அவட பேரில."

எனக்கு அது ஆச்சரியமில்லை. எங்கள் பக்கத்தில் வீடு வளவு பெண்ணுக்குத்தான், கலியாணம் முடித்த ஆண்பிள்ளை பெண்ணின் வீட்டுக்குத்தான் குடிவருவான். அந்தப் பிள்ளைக்குச் சீதனமாக வந்த வயல் துண்டை விற்று வாங்கிய வான் அது, அவ பெயரில் எழுதியது. ஓடுகிறவர் இவர், உரிமைக்காரி அவ. ஊரில் எவரும் அதை நினைத்துப் பார்ப்பதில்லை, வான்காரரும் நினைத்திருக்கமாட்டார்.

நான் அவவைப் பார்த்துக் கேட்டேன். "தங்கச்சி, இதக் கழட்டவா, விடவா?"

வான்காரர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"கழட்ட வேணாம்" என்றா அவ.

பிறகு எல்லாம் வெளியே வந்தது. திறப்பை முறித்தது, மற்றத் திறப்பை ஒளித்தது, வாவிக்கரையில் நடந்தது, ஒன்றையும் விடாமல் என் முன்னாலேயே சொன்னா. அழவில்லை. வான்காரருக்கு முகம் கறுத்துப்போனது. நாய் வந்தது என்றார். இவ என் சோற்றில் மண் போடுகிறா என்றார். என்னைப் பார்த்து, நீங்கள் பூட்டுப் பார்க்க வந்தீர்களா, குடும்பம் பார்க்க வந்தீர்களா என்றார். நியாயமான கேள்விதான். எனக்கு அங்கிருந்து ஓடிவிட வேண்டும் போல இருந்தது. கால் எழும்பவில்லை, அதனால்தான் நின்றேன். அதைத் துணிவு என்று யாரும் எழுதிவிடாதீர்கள்.

போன் மறுபடி அடித்தது. யாரோ ஒரு தாய், பரீட்சை தொடங்கப்போகிறதே என்று சத்தம்போட்டது எனக்கே கேட்டது. வான்காரர் போனைப் பிடித்தபடி ரோட்டைப் பார்த்தார். என்ன இருந்தாலும் அந்தப் பிள்ளைகளை அவர் ஒருநாளும் பிந்த விட்டதில்லை. அதைப் பார்த்துத்தான் எனக்கு வாய் வந்தது. இன்றைக்கு நான் ஓட்டுகிறேன் என்றேன். என்னிடம் வான் ஓட்டுகிற லைசன்ஸ் இருக்கிறது, வேலை பார்த்த வாகனங்களை ஓட்டிப் பார்க்க எடுத்தது. நீங்கள் பக்கத்தில் இருந்து எந்தப் பிள்ளையை எங்கே ஏற்றுவது என்று சொல்லுங்கள், நாளைய கதையை நாளைக்குப் பார்ப்போம் என்றேன். அவர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

மறுபடி அவவிடம் கேட்டேன். இப்போது தலையாட்டினா. துண்டை எடுத்தேன். நான் சொன்னது போல ஒரு நொடி வேலை. அவ உள்ளே போய் அரிசிப் பானைக்குள் இருந்து மற்றத் திறப்பைக் கொண்டுவந்து, நீட்டிய புருசனின் கையைத் தாண்டி என் கையில் வைத்தா. பிறகு அவவும் வந்து பின் ஆசனத்தில் ஏறினா.

அப்படியொரு ஓட்டம் நான் என் சீவியத்தில் ஓடியதில்லை. பிள்ளைகள் ஏறும்போதெல்லாம், "வான் மாமா, நீங்க ஏன் இந்தப் பக்கம் இரிக்கீங்க?" என்று கேட்டார்கள். வான் மாமா அடுத்த வாசலைக் கையால் காட்டினார். நான் மெல்ல உருட்டுவதைப் பார்த்து எனக்கு மட்டும், "இப்பிடி ஓடினாப் பள்ளிக்கூடம் விட்டிடும்" என்று முணுமுணுத்தார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பின்னால் அத்தனை பிள்ளைகள் கதைக்கிற சத்தம், ஒருத்தி வாய்ப்பாடு பாடமாக்குகிறாள், எனக்கு முதுகெல்லாம் ஈரம். இந்த மனிதன் தினமும் இவ்வளவையும் தோளில் வைத்துக்கொண்டா ஓடினார் என்று அவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது.

வாவிக்கரை ரோட்டுக்குத் திரும்பினோம். ஒரு பக்கம் வளவுகள், மறுபக்கம் சேற்றில் வேர்விட்ட கண்ணா மரங்கள், அதற்கு அடுத்தது தண்ணீர். கொஞ்சத் தூரம் போனதும் மரங்கள் விட்டுப்போய் வெறும் களிமண் கரை வந்தது. அதிலே ரோட்டில் இருந்து சரிந்து இரண்டு டயர்த் தடங்கள் இறங்கியிருந்தன. அந்த நாட்களில் மழை இல்லை, தடம் அப்படியே காய்ந்து கிடந்தது. பின்னால் இருந்த அவர் மனைவி அதைக் காட்டவில்லை.

"கொஞ்சம் நிப்பாட்டுங்க அண்ணன்" என்றார் வான்காரர்.

இறங்கித் தடத்தோடேயே நடந்து போனார். நானும் கண்ணாடிக்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்தேன். தடம் முடிந்த இடத்தில் நின்றார். அவர் செருப்புக்கு முன்னால் ஒரு அடி மண் இருந்திருக்கும், அதற்கப்பால் தண்ணீர். நாய்க்காக வெட்டித் திருப்புகிறவன் பிரேக் அடித்தால் தடம் வளையும், மண் கிளறும். இந்தத் தடம் கோடு போட்டது போல நேராகத் தண்ணீருக்குப் போனது. கரையோரம் வந்துதான் ஒரு பக்கம் வெடுக்கென்று திரும்பியிருந்தது. அது அவர் மனைவி இழுத்த இடம். வான் ஓட்டியே சீவித்த மனிதனுக்கு அதை யாரும் வாசித்துக் காட்டத் தேவையில்லை.

திரும்பி வந்தவர் முன் கதவைத் திறக்கவில்லை. பின் கதவை இழுத்துத் திறந்து பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பார்த்தார். எல்லாரும் கதையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள். ஏறி, சின்னப் பிள்ளை ஒன்றைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

பிள்ளைகள் இறங்கிப் பரீட்சைக்கு ஓடினார்கள். நான் வானை நிற்பாட்டி, இனி எங்கே என்று கேட்கப் பயந்து அப்படியே இருந்தேன். நானாகக் கேட்டிருக்கமாட்டேன். அவர்தான் சொன்னார்.

"ஆஸ்பத்திரிக்கு விடுங்க அண்ணன்."

ஆஸ்பத்திரி வாசலில் வானை நிற்பாட்டித் திறப்பைக் கழற்றினேன். அவர் இறங்கி என் பக்கத்துக் கதவடிக்கு வந்துவிட்டார். இத்தனை வருடமும் வானின் திறப்பு அவர் கையில்தான் இருந்தது. யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். அவர் அதைப் பார்த்தார். கையை நீட்டவில்லை.

"அவட கையில குடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.